தொட்டி இல்லாத தெரு

இருபத்திரண்டு வருடம், டெக்சாஸில் ஹியூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு விற்றேன். கிழக்குப் பார்த்த வீடு விற்றிருக்கிறேன். கிழக்குப் பார்க்காத வீட்டை, பக்கவாட்டுக் கதவுதான் உண்மையான தலைவாசல் என்று சொல்லிக் கிழக்குப் பார்க்க வைத்தும் விற்றிருக்கிறேன். ஆனால் "சேஃபான வீடு" என்று சொல்லி ஒரு வீட்டைக்கூட விற்றதில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.

போன மாதம் ப்ரீத்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்ட பெண். அலுவலகத்தில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். வீட்டு விளம்பரத்தை அதில் எழுதினால், எழுதக் கூடாத வார்த்தைகளுக்கு அடியில் சிவப்புக் கோடு போடுகிறதாம்.

"ஆன்ட்டி, 'வாக்கிங் டிஸ்டன்ஸ் டு டெம்பிள்'னு டைப் பண்ணேன், ரெட் லைன் போடுது. 'சேஃப் ஸ்ட்ரீட்'னு போட்டேன், அதுக்கும் போடுது. இது இல்லாம நீங்கல்லாம் எப்படி மேனேஜ் பண்ணீங்க?"

"எங்களுக்கு லோரேன்னு ஒருத்தங்க இருந்தாங்கம்மா."

"அத எழுதிக் குடுங்க ஆன்ட்டி. புதுசா வர்றவங்களுக்கு ட்ரெயினிங்ல படிக்கக் குடுக்கறேன்."

தமிழ்ச் சங்க மலர்க்காரர்களும் ஆறு மாதமாகக் கட்டுரை கேட்டு நச்சரிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். ஒரு விஷயம் மட்டும் முதலில்: பேர்லேண்டில் நடந்து போகும் தூரத்தில் எதுவுமே கிடையாது. கோயிலுக்கு நடக்கலாம் என்று விளம்பரம் எழுதுவது சட்டப்படி தப்போ இல்லையோ, பச்சைப் பொய்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையில் சுவாரசியம் இல்லை. கணவருக்கு எண்ணெய் கம்பெனியில் வேலை. நான் பதினொரு வருடம் வீட்டில் சாம்பார் வைத்தேன். பிறகு லைசென்ஸ் வகுப்புக்குப் போனேன், இரண்டாம் தடவையில் பரீட்சை தேறினேன். முதல் தடவை ஏன் தேறவில்லை என்பது இந்த மலருக்குத் தேவையில்லை. ஃப்ரீவேயில் பயமில்லாமல் கார் ஓட்டத் தெரிந்து, முகத்திலிருந்து சிரிப்பைக் கழற்றாமல் இருக்கவும் தெரிந்தால் மீதி தானாக வந்துவிடும்.

தானாக வராததை லோரேன் சொல்லிக்கொடுத்தார். அவர்தான் எங்கள் புரோக்கர். நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள், இங்கே அது ஏஜென்ட்டுகளுக்கெல்லாம் மேலே உள்ள பதவி. அறுபது வயதுக்கு மேல், முத்துமாலை, கௌபாய் பூட்ஸ். எந்தப் புயல் வந்தாலும் அசையாத அளவுக்கு ஸ்ப்ரே அடித்த வெள்ளை முடி. அவர் மேஜையில், ஓட்டல் வரவேற்பறையில் இருக்குமே, தட்டினால் 'டிங்' என்னும், அந்தப் பித்தளை மணி ஒன்று இருக்கும். செவ்வாய்க்கிழமை காலைகளில் எங்களைச் சுற்றி உட்காரவைத்து அவரே வீடு வாங்குபவராக நடிப்பார். நாங்கள் பதில் சொல்ல வேண்டும். மதம், இனம், குடும்பம் பார்த்து வாங்குபவரை ஒரு தெருவுக்கு இழுப்பதோ விலக்குவதோ இந்த நாட்டில் ஏஜென்ட்டுக்குச் சட்டப்படி குற்றம். யார் எந்த மதம், எந்த நாட்டுக்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று வாய் தவறினால், டிங். "குடும்பங்களுக்கு ஏற்ற இடம்" என்றால், டிங். திட்ட மாட்டார். "மறுபடி, ஹனி" என்பார், அவ்வளவுதான்.

"சேஃப்" என்ற வார்த்தைக்கு மட்டும் இரண்டு முறை அடிப்பார். நான் புதிதாகச் சேர்ந்தபோது, அதில் என்ன தப்பு என்று கேட்டுவிட்டேன்.

"யாருக்கு சேஃப்? யாரிடமிருந்து சேஃப்? இந்த இரண்டு கேள்விக்கும் நீ பதில் சொல்ல ஆரம்பித்தால், கோர்ட்டில் போய்த்தான் நிறுத்துவாய்" என்றார். "போலீஸ் இணையதளத்தைப் பார்க்கச் சொல். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அந்தத் தெருவில் கார் ஓட்டிப் பார்க்கச் சொல். முடிவு அவர்களுடையது."

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குச் சரி. நம்மவர்கள் வீடு பார்க்க வந்தால் கேள்வி மூன்றுதான். கிழக்கா? ஸ்கூல் ரேட்டிங் என்ன? நம்ம ஆளுங்க இருக்காங்களா? மூன்றாவது கேள்விக்கு நான் வாயைத் திறந்தால் லைசென்ஸ் போய்விடும். திறக்காவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார். "என்ன ஆன்ட்டி, நமக்குள்ள என்ன சட்டம்?" என்று ஒருவர் என்னிடம் மூன்று நாள் பேசாமல் இருந்தார்.

அதனால் நான் ஒரு பாஷை கண்டுபிடித்தேன். கறிவேப்பிலைத் தொட்டி.

தெருவுக்குள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே, "வாசல்ல என்னென்ன செடி வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க" என்பேன். அவ்வளவுதான் சொல்வேன். பின் சீட்டிலிருந்து மனைவி எண்ண ஆரம்பிப்பாள். "ஏங்க, மூணு. இல்ல, அந்த வீட்டோட நாலு." முகம் மலரும். நாங்கள் தமிழ் ஏஜென்ட்டுகள் எங்களுக்குள் பேசிக்கொள்வதே இப்படித்தான்: அது அஞ்சு தொட்டித் தெரு, இது ஏழு தொட்டித் தெரு. வாசலில் செருப்பு ஸ்டாண்டும் கராஜில் இரண்டாவது அடுப்பும் இருந்தால் போனஸ். லோரேன் ஒருமுறை என்னோடு வந்துவிட்டு, "உன் வாடிக்கையாளர்களுக்குத் தோட்டக்கலையில் இவ்வளவு ஆர்வமா?" என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம் லோரேன் என்றேன். மணி அடிக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வீடு கைக்கு வரும் நாளில் ஹில்க்ராஃப்ட் இந்தியக் கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்று ஒன்றை எல்லோருக்கும் பரிசாகக் கொடுப்பேன். ஆக, தொட்டியை வைத்து ஆளைச் சேர்த்ததும் நான்தான், ஆளைச் சேர்த்துத் தொட்டியை வைத்ததும் நான்தான். பேர்லேண்டில் பல தெருக்கள் என் கைராசி. இதற்காக யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை, போர்த்தினால் லைசென்ஸ் போயிருக்கும்.

இப்போது அந்த இரண்டு பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். பையன்கள் என்றால் முப்பத்தாறு, முப்பத்தெட்டு வயது. செல்வா, ஆனந்த் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்வா கரூர், இன்ஜினியர், பேச்சு குறைவு. ஆனந்த் சென்னை. எட்டு வருடம் லண்டனில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு ஹியூஸ்டனுக்கு வந்தவன், பேச்சு அதிகம்.

"ரூம்மேட்ஸ் ஆன்ட்டி. சேர்ந்து வாங்கலாம்னு இருக்கோம்" என்றான் செல்வா.

நம்பினேன். கல்யாணம் ஆகாதவர்கள் என்றதும் என் மூளையில் உடனே இரண்டு பெண்களின் பெயர் ஓடியது, ஒருத்தி டல்லாஸ், ஒருத்தி நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷன். இரண்டு ஜாதகத்தையும் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். செல்வா கும்பிடும் கையை மட்டும் திருப்பி அனுப்பினான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு காட்டுவதற்கு ஒரு முறை உண்டு, புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் தொங்கும் லாக்பாக்ஸிலிருந்து சாவியை எடுத்து நாம் முதலில் உள்ளே போக வேண்டும். காலி வீடானாலும் "ஹலோ, ரியல்டர்!" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லா விளக்கையும் போட வேண்டும், எல்லாக் குழாயையும் திறக்க வேண்டும். கதவுகளைச் சாத்திப் பார்க்க வேண்டும், ஹியூஸ்டன் களிமண்ணில் அஸ்திவாரம் நகர்ந்தால் முதலில் கதவுதான் சிக்கும். அதன்பிறகு சமையலறையில் போய் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வாங்குபவர் முடிவு எடுப்பது படுக்கையறையில், ஏஜென்ட் இல்லாதபோது. இது லோரேன் விதி.

சமையலறையில் நின்றபடிதான் அவர்கள் பாஷையைக் கேட்டேன். தமிழும் ஆங்கிலமும் பேசிக்கொண்டே நடுநடுவே எனக்குத் தெரியாத வார்த்தைகளைப் போட்டார்கள். "லாட்டி" என்றால் வீடு என்று இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே பிடித்துவிட்டேன். "பொனா" என்றால் பிடித்திருக்கிறது. கூரையில் பாப்கார்ன் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்த வீட்டுக்கு "நாஃப்" என்றார்கள். அந்தக் கூரையைப் பார்த்த எவருக்கும் அதன் அர்த்தம் புரியும். ஆனால் அவர்கள் அதிகம் சொன்னது "நான்டி". நான் அறைக்குள் காலடி வைக்கும் முன் அந்தச் சத்தம் வரும். நான் உள்ளே போகும்போது ஒருவன் ஜன்னல் பக்கம் நிற்பான், இன்னொருவன் எதிர் மூலையில் நிற்பான். விலையைப் பற்றி என்னிடம் மறைத்துப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். என் தொழிலில் மனிதர்கள் மறைப்பது அதைத்தான்.

"அது என்ன பாஷை தம்பி, தெலுங்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லண்டன்ல கத்துக்கிட்டது ஆன்ட்டி. பழைய ஸ்லாங். சும்மா விளையாட்டுக்கு" என்றான் ஆனந்த். செல்வா குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது ஞாயிறு காரில் ஆனந்த் சொன்னான்: "ஆன்ட்டி, செடி பாக்கச் சொல்றீங்களே, அது செடிக்காக இல்லன்னு எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு."

"கெட்டிக்காரப் பசங்க."

"தொட்டியே இல்லாத தெருவா காட்டுங்களேன்."

சிரித்துவிட்டேன். முதலில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். நம்ம ஆளுங்க தொந்தரவே வேண்டாம் என்பார்கள். ஆறு மாதத்தில் போன் செய்து முறுக்குக்கு யாரிடம் ஆர்டர் கொடுப்பது என்று கேட்பார்கள். ஊரிலிருந்து அம்மா ஆறு மாத விசாவில் வந்தால், கார் ஓட்டத் தெரியாமல், பேச ஆளில்லாமல், நாள் முழுக்க ஜன்னல் வழியாகப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இதெல்லாம் இந்தப் பையன்களுக்கு எங்கே தெரியும்? இலைக்கு மேல் கையை நீட்டி "போதும், போதும்" என்பவருக்கு இன்னொரு கரண்டி வைப்போமே, அந்த நியாயம்தான். நான் அவர்களுக்கு நல்லது செய்ய முடிவெடுத்துவிட்டேன்.

ஜனவரி கடைசி. ஃப்ரீஸ் வார்னிங் வந்திருந்தது. நம்மவர்களுக்கு ஃப்ரீஸ் வார்னிங் என்றால் குழாயில் தண்ணீர் உறைவது இரண்டாம் கவலை, முதல் கவலை கறிவேப்பிலை. ஒரே நாளில் ஊர்த் தொட்டிகள் எல்லாம் கராஜுக்குள் போய்விடும். கார் வெளியே நிற்கும். அந்த வாரம்தான் ஒரு முட்டுச்சந்தில் வீடு ஒன்று விற்பனைக்கு வந்தது. ஆறே வீடுகள். விற்பனைக்கு வந்ததைத் தவிர்த்து ஐந்து. ஐந்தும் நான் விற்றவை, ஐந்தும் தொட்டி வீடுகள். ஆனால் அன்று வாசலில் ஒரு தொட்டி இல்லை. பொங்கல் கோலம் மழையில் கரைந்திருந்தது. குளிருக்குச் செருப்பும் உள்ளே போயிருந்தது.

அவர்கள் காரிலிருந்து இறங்கித் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்கள். எண்ணினார்கள். பூஜ்யம்.

உள்ளே ஆனந்த் "பொனா" என்று இரண்டு முறை சொன்னது சமையலறைக்குக் கேட்டது. என் முன்னால் சிரித்தே அறியாத செல்வா ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துச் சிரித்தான். எனக்கு எல்லாம் தெரியும். சொல்லவில்லை. சொல்வது சட்டப்படி குற்றம், இருபது வருடத்தில் முதல் முறையாகச் சட்டம் என் பக்கம் இருந்தது. மார்ச்சில் தொட்டிகள் வெளியே வரும்போது பையன்கள் ஆச்சரியப்பட்டு நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. டெக்சாஸில் அதன்பிறகு சில நாள் ஆப்ஷன் பீரியட் உண்டு. அதற்குள் வாங்குபவர் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அந்த நாட்களில்தான் வீட்டைப் பரிசோதிப்பார்கள். ஏஜென்ட் அந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் அன்று மாலையே எதிர் வீட்டுத் தங்கவேல் அங்கிளுக்குப் போன் செய்தேன்.

தங்கவேல் அங்கிள் அந்தத் தெருவின் மேயர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் யாராலும் இறக்கவும் முடியாது. ரிட்டயர் ஆனவர், கரூர்க்காரர். குப்பைத் தொட்டியை எந்த நாளில் வெளியே வைப்பது என்பதிலிருந்து யார் வீட்டுப் பெண் எந்த காலேஜுக்கு அப்ளை பண்ணுகிறாள் என்பது வரை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இதைப் படித்துவிட்டு பேர்லேண்டில் பத்து அங்கிள்களாவது "இது நான்தானே" என்று கோபித்துக்கொள்வார்கள். பத்துப் பேரிடமும் இப்போதே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

"அங்கிள், உங்க ஊர்ப் பையன் எதிர் வீட்டுக்கு வர்றான்."

"அட! யாரும்மா? பேரு என்ன?"

"செல்வகுமார் முத்துசாமி."

நம் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் அப்பாவுடையது. பெயரைச் சொன்னால் வீட்டு விலாசத்தைச் சொன்ன மாதிரி. "முத்துசாமியா? பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஹார்டுவேர் கட போட்டிருக்கானே, அந்த முத்துசாமி பையனா? நானும் அவனும் ஒண்ணாப் படிச்சோம்மா! தனியாவா வர்றான்?"

"ரூம்மேட்டோட."

"முப்பத்தாறு வயசுல என்னம்மா ரூம்மேட்டு?" என்றார். "சரி, சரி. நான் பாத்துக்கறேன்."

அவர் என்ன பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன், வாங்குபவரின் அப்பாவோடு படித்தவரே எதிர் வீட்டில் இருக்கிறார், சொல்லிவிட்டேன், அவருக்கு ஒரே சந்தோஷம் என்று. லோரேன் மணிக்குக் கையை நீட்டினார். நான் டிங் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அவர் மணியை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.

"இதற்கு மணி கிடையாது, விஜயா. வாங்குபவர் யார் என்பது அவருடைய சொத்து. நீ அதை எடுத்து எதிர் வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறாய். இன்றைக்கே வாங்குபவரிடம் உண்மையைச் சொல்."

சொல்லவில்லை. லோரேனுக்கு நம் ஊர் அன்பு புரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் செய்த தவறுகளில் இதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்டர் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறிவிட்டார். நான் வரவேற்பறையில் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், தங்கவேல் அங்கிள் தெருவைக் கடந்து வந்துகொண்டிருக்கிறார். ஒரு கையில் காபி ஃபிளாஸ்க், இன்னொரு கையில் போன். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துச் சத்தமாகப் பேசிக்கொண்டே வருகிறார். ஊரில் அப்போது இரவு மணி எட்டரை, கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

"இதோ போயிட்டே இருக்கேன் முத்துசாமி! லைன்லயே இரு! உன் பையன் வீட்டக் காட்டறேன்!"

பையன்களைக் கூப்பிடலாம் என்று படுக்கையறைப் பக்கம் போனேன். ஹாலில் கார்ப்பெட், என் காலடி கேட்டிருக்காது. கதவு பாதி திறந்திருந்தது. காலி அறையில், சுவரில் சாய்ந்து, இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அளவு டேப். கார்ப்பெட்டில் நீலநிற டேப்பை ஒட்டிக் கட்டில் எங்கே வரும் என்று குறித்திருந்தார்கள். ஒரே ஒரு கட்டில். ஆனந்தின் தலை செல்வாவின் தோளில் இருந்தது. செல்வா கண்ணை மூடியிருந்தான்.

கல்யாணமான எத்தனையோ ஜோடிகள் கட்டிலுக்கு அளவெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதமாகக் கண்ணெதிரே நின்றவர்களைப் பார்க்கவில்லை. ஜாதகம் அனுப்பினேன்.

பின்னால் முன்கதவு திறந்தது. "எங்கப்பா மாப்ள?" என்று அங்கிள் குரல்.

"நான்டி!" என்றேன். என்னை அறியாமல், உரக்க.

இருவரும் சேர்ந்து எழுந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். யோசிக்கவே இல்லை. செல்வா ஜன்னலுக்குப் போய்விட்டான், ஆனந்த் எதிர் மூலைக்கு. பழகின கால்கள். அதற்குள் அங்கிள் போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"இதோ பாரு முத்துசாமி, உன் பையன்! தம்பி, அப்பா!"

"என்றா கண்ணு, வீடு வாங்கறேன்னு ஒரு வார்த்த சொல்லல?" என்றது போன்.

"பாத்துட்டுதான் இருக்கேன்ப்பா. இன்னும் முடிவு பண்ணல."

"கெழக்கப் பாத்துதா?"

"ஆமாப்பா."

அங்கிள் போனைத் திருப்பி அறையைச் சுற்றிக் காட்டினார். மூலைக்கு வந்தது. "இது யாரு தம்பி?"

நான் முந்திக்கொண்டேன். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்காரு அங்கிள்." இருபது வருட அனுபவம். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

ஆனந்த் திரும்பி நின்று சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான். அங்கிள் போகும்வரை தட்டினான். தன் வீட்டில், தன் கட்டில் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில், யாரோ கூலிக்கு வந்த ஆள் மாதிரி நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கிள் பாவம், கெட்ட எண்ணம் கிடையாது. காபி ஊற்றிக் கொடுத்தார், "இன்ஸ்பெக்டர் தம்பிக்கும்" ஒரு டம்ளர் கொடுத்தார். இனிமேல் தினமும் வந்து பார்ப்பதாக முத்துசாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியபிறகுதான் ஆனந்த் சுவரை விட்டுத் திரும்பினான்.

"அந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?" என்றான் ஆனந்த்.

"மூணு மாசமா கிச்சன்ல நின்னு கேக்கறேனே தம்பி."

அப்போதுதான் சொன்னான். பொலாரி என்று அதற்குப் பெயராம். லண்டனில் ஒரு காலத்தில் இவர்களைப் போன்றவர்களைப் பிடித்து ஜெயிலில் போடுவார்களாம். பஸ்ஸில், கடைவீதியில், நாலு பேர் நடுவே ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ள அந்தப் பாஷை. 'நான்டி' என்றால் பேசாதே, ஆள் வருது. அங்கே சட்டம் மாறிப் பல காலம் ஆகிவிட்டது, பாஷைக்கும் வேலை போய்விட்டது. வயதான நண்பர் ஒருவரிடம் ஆசைக்காகக் கற்றுக்கொண்டானாம்.

"இங்க வந்தப்புறம்தான் நெஜமாவே யூஸ் ஆகுது ஆன்ட்டி. தமிழ்ல பேசினா உங்களுக்குப் புரியும், இங்கிலீஷ்ல பேசினாலும் புரியும். ஒன்பது வருஷமா அபார்ட்மென்ட்ல, இண்டியன் ஸ்டோர்ல, கோயில்ல எல்லா இடத்துலயும் இதான். இது பேச வேண்டிய அவசியமே இல்லாத ஒரு எடம் வேணும்னுதான் வீடு தேடறோம்."

என்னிடமும் ஒரு பாஷை இருந்தது, கூட்டத்துக்குள் ஆளை இழுக்க. அவர்களுடையது அந்தக் கூட்டத்திடமிருந்து தப்பிக்க. இந்த நாட்டுச் சட்டம் அவர்களுக்கு எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டது, எங்கள் முட்டுச்சந்துதான் இன்னும் கொடுக்கவில்லை.

செல்வா ஜன்னலை விட்டு நகரவில்லை. "ஆன்ட்டி, நேரா சொல்லுங்க. இந்த வீடு எங்களுக்கு சேஃபா?"

போலீஸ் இணையதளத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெவ்வேறு நேரத்தில் கார் ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"இல்ல கண்ணு" என்றேன். "அவருக்கு உன் பேரைச் சொன்னதே நான்தான். அஞ்சு வீட்டுலயும் தொட்டி இருக்கு, குளிருக்கு கராஜ்ல வெச்சிருக்காங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க."

சாரி என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். தமிழில் மன்னிப்பு கேட்டால் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. செல்வா குனிந்து, கார்ப்பெட்டில் ஒட்டியிருந்த நீல டேப்பை ஒரு ஓரத்திலிருந்து உரித்தெடுத்தான். அதை உருண்டையாக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஆப்ஷன் பீரியட் முடிய இரண்டு நாள் இருந்தது. விலகல் நோட்டீஸ் ஒரே பக்கம்தான், காரணம் எழுத இடமே கிடையாது. அன்றே அனுப்பினேன். திங்கட்கிழமை லோரேன் அந்தத் தாளைப் படித்தார், என் முகத்தைப் படித்தார், டிராயரைத் திறந்து மணியை எடுத்து மேஜையில் பழைய இடத்தில் வைத்தார். தங்கவேல் அங்கிள் மூன்று முறை போன் செய்து, பையன் ஏன் வாங்கவில்லை என்று விசாரித்தார். இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு விஷயம் சரியில்லை என்றேன். என்ன சரியில்லை என்றார். எதிர் வீடு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் வீட்டு வாசலில் என் கன்றுதானே நிற்கிறது.

அந்தப் பையன்கள் என்னையே ஏஜென்ட்டாக வைத்துக்கொண்டது அவர்கள் பெருந்தன்மை. ஏப்ரலில், தொட்டிகள் எல்லாம் வெளியே வந்தபிறகு, மறுபடி தேடினோம். தெற்கே, அல்வின் போகும் வழியில் ஒரு வீடு. பக்கத்து வீட்டில் பில் என்று ஒரு தாத்தா. லாரி அளவுக்கு ஒரு பிக்கப், வாசலில் இரண்டு கொடி. பார்த்ததும், நம்மைப் போன்றவர்களைப் பிடிக்காத ஆள் என்று வண்டியைத் திருப்பத் தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர்களே காலையில், மாலையில் கார் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பில் வண்டியை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், புல் வெட்டும் மெஷின் சொந்தமாக இருக்கிறதா என்று. இல்லை என்றதும் தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். எந்த ஊர், அப்பா பெயர் என்ன, கல்யாணம் எப்போது என்று அவர் கேட்கவில்லை. இருபது வருடம் எந்த மாதிரி வாசலைப் பார்த்து வாடிக்கையாளர்களை வேறு தெருவுக்குத் திருப்பினேனோ, அந்த மாதிரி வாசல்.

பால் காய்ச்சிய அன்று நான், லோரேன், அவர்கள் நண்பர்கள் இருவர், பூட்ஸைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நின்ற பில். கன்று கொண்டு வரட்டுமா என்று முன்கூட்டியே கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டேன். "கொண்டு வாங்க ஆன்ட்டி, பின்பக்கம் வெச்சுக்கறோம்" என்றான் செல்வா.

இதை எழுத அனுமதி கேட்டு போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். "எழுதுங்க ஆன்ட்டி. ஊர் பேர மட்டும் மாத்திடுங்க" என்றான் செல்வா. மாற்றிவிட்டேன். கரூர் என்று நான் எழுதியது கரூர் இல்லை, பெயர்கள் எதுவும் அவர்களுடையவை இல்லை. எந்தத் தெரு என்று கேட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்க எனக்கும் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் இருந்தேன். அடையில் உப்பு குறைவு என்று சண்டை போட்டார்கள், சட்னியை யார் அரைப்பது என்று சண்டை போட்டார்கள். அவர்கள் பேசியதில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. அப்போது வாசலில் அழைப்பு மணி அடித்தது. எனக்குத்தான் முதுகு நிமிர்ந்தது, 'நான்டி' நுனிநாக்குக்கு வந்துவிட்டது. செல்வா சோபாவில் ஆனந்தின் மடிமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். காலை எடுக்கவில்லை. "கதவு திறந்துதான் இருக்கு, பில்!" என்று இருந்த இடத்திலிருந்தே ஆங்கிலத்தில் கத்தினான்.

நான் ஓய்வு பெற்ற அன்று லோரேன் தன் மணியை என்னிடம் கொடுத்துவிட்டார். இதை எழுதும் மேஜையில்தான் இருக்கிறது. யாருக்கு சேஃப், யாரிடமிருந்து சேஃப் என்று அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு வீட்டைப் பொறுத்தவரை எனக்குப் பதில் தெரியும். இரண்டாவது பதிலில் என் பெயரும் இருக்கிறது. ப்ரீத்தி, உன் மென்பொருள் சிவப்புக் கோடு போட்டால் போடட்டும். அது சேஃபான வீடு.